கொத்மலை வானொலியும் ஓர் அரைப்புள்ளியும்

இணையத்தை வானொலியில் வாசித்துக் காட்டிய ஊர் கொத்மலை. மகாவலித் திட்டத்தின் நீர்த்தேக்கத்தில் பழைய கிராமங்கள் அமிழ்ந்துபோன அந்தப் பள்ளத்தாக்கில், 1989இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் சமூக வானொலி தொடங்கிற்று. ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து, யுனெஸ்கோவின் உதவியுடன் அங்கு இணைய வசதியும் வந்தது. கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் கணினிகள் வைக்கப்பட்டன. நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள். அறிவிப்பாளர் ஆங்கிலப் பக்கங்களில் விடை தேடி, விடயம் அறிந்த ஒருவரை அருகில் அமர்த்தி, உள்ளூர் மொழியில் விளக்குவார். கணினியைத் தொட்டறியாதவரும் அதைக் கேட்டு அஞ்சவில்லை.

அதே கொத்மலைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து பல்கலைக்கழகம் சென்ற மாணவன் ஒருவனைச் சில ஆண்டுகளுக்கு முன் சந்தித்தேன். வீட்டில் முதற் பட்டதாரி ஆகவிருப்பவன். நிரலாக்க வகுப்பை நினைத்தாலே கை வியர்க்கிறது என்றான்.

"சேர், நான் ஒரு எடத்துலதான் பிழை விட்டேன். அது முப்பது பிழைன்னு சொல்லுது."

அவன் சொன்னதில் மிகையில்லை. சி மொழியில் பன்னிரண்டாம் வரியின் இறுதியில் அரைப்புள்ளி விடுபட்டால், கணினி சில வேளைகளில் பதின்மூன்றாம் வரியைக் குறை கூறும். அரைப்புள்ளி காணும்வரை அதற்கு எல்லாம் ஒரே வாக்கியம். ஒரு தவறிலிருந்து பல போலிப் பிழைகளும் கிளைக்கக்கூடும். அத்தனையும் ஆங்கிலத்தில்.

தோட்டப் பாடசாலைகள் 1970களில்தான் அரசின் பொறுப்புக்கு வரத் தொடங்கின. உயர்தரம்வரை தமிழில் பயின்று, பாடசாலையில் முதல்வனாக நின்றவன், இங்கே நிமிடத்துக்கொரு முறை தோற்கிறான். அதைத் தன் அறிவின்மீதான தீர்ப்பாகவே எடுத்துக்கொள்கிறான். விரிவுரையாளர் அருகில் வந்தால் திரையை மறைத்துவிடுவானாம். கலைப்பட்டதாரியான எனக்கு அந்தக் கூச்சம் நன்கு விளங்கிற்று.

முத்து அண்ணாமலை 2007இல் உருவாக்கத் தொடங்கிய 'எழில்' நிரல்மொழியில் கட்டளைச் சொற்களே தமிழ். அச்சிட வேண்டுமானால் 'பதிப்பி' என்று எழுதலாம். நல்ல முயற்சிதான். ஆனால் இவனுடைய பரீட்சை சி மொழியில் அல்லவா?

விடுதியில் மூத்த மாணவன் ஒருவன் பக்கத்தில் அமர்ந்து, பிழைச்செய்தியைத் தமிழில் வாசித்துச் சொன்னானாம்: "மொதப் பிழைய மட்டும் பாரு, மிச்சத்த விடு." கொத்மலை அறிவிப்பாளர் செய்ததும் ஏறக்குறைய இதுவே. அரைப்புள்ளியை இட்டதும் முப்பதும் மறைந்துபோயின என்று சொன்னபோதுதான் அவன் முதன்முறையாகச் சிரித்தான்.