மைசூர் மகாராஜாவும் லண்டனில் ஒரு இதய நோயாளியும்

1/ நைட் டூட்டி முடிச்சு விம்கோ நகர் திரும்புற மெட்ரோவுல ஒரு பழைய பியானோ பதிவு கேட்டுட்டு வந்தேன். 1947ல பதிவானது. வாசிச்சவர் ஏற்கனவே மாரடைப்பு வந்தவர். செலவை ஏத்துக்கிட்டவர் மைசூர் மகாராஜா. கதை நம்ம சென்னை வரைக்கும் வருது. ஒரு குட்டி த்ரெட்.

2/ அவர் பேர் நிக்கோலாய் மெட்னர். 1880ல பிறந்த ரஷ்யர். பியானோ கலைஞர், இசையமைப்பாளர். ராக்மனினாஃபோட நண்பர். ராக்மனினாஃப் தன்னோட நாலாவது பியானோ கான்செர்ட்டோவை இவருக்குத்தான் சமர்ப்பணம் பண்ணாரு. (கான்செர்ட்டோன்னா, ஒரு வாத்தியம் முன்னால நிக்க, ஆர்கெஸ்ட்ரா கூடவே வர்ற பெரிய உருப்படி.)

3/ புரட்சிக்கு அப்புறம் 1921ல ரஷ்யாவை விட்டுக் கிளம்பி, 1930களின் நடுவுல லண்டன்ல குடியேறினாரு. உலகப்போர் வந்ததும் ஜெர்மன் பதிப்பாளர்கள்கிட்ட இருந்து வந்த வருமானம் நின்னுபோச்சு. 1942ல மாரடைப்பு.

4/ இன்னைக்குன்னா ஈசிஜி எடுத்து, கட்டியைக் கரைக்க ஊசி போட்டு, ஆஞ்சியோவுக்கு ஓடுறோம். அன்னைக்கு முக்கிய வைத்தியமே வாரக்கணக்கில் படுக்கைதான். அந்த உடம்போட மூணாவது கான்செர்ட்டோவை எழுதி முடிச்சு, 1944ல ராயல் ஆல்பர்ட் ஹால்ல தானே வாசிச்சாரு.

5/ இந்தப் பக்கம் மைசூர்ல ஜெயசாமராஜேந்திர உடையார். மேடையில பியானோ வாசிக்கணும்னு ஆசைப்பட்டவர். 1940ல அப்பாவும், மகாராஜாவா இருந்த பெரியப்பாவும் அடுத்தடுத்து இறந்துட்டாங்க. 21 வயசுல சிம்மாசனம். பியானோ கனவு அதோட முடிஞ்சது.

6/ ரசனை முடியல. மெட்னரோட இசையை அவர் கையாலேயே பதிவு பண்ண மகாராஜா பணம் கொடுத்தாரு. பிறந்தது ‘மெட்னர் சொசைட்டி’. 1947ல பிலார்மோனியா ஆர்கெஸ்ட்ராவோட மூணு கான்செர்ட்டோவும் பதிவாச்சு. அப்புறம் சொனாட்டாக்கள், பாட்டுகள்.

7/ அந்தக் காலத் தட்டுல ஒரு பக்கம் நாலு நிமிஷம், கொஞ்சம் கூட. தப்பு விழுந்தா வெட்டி ஒட்ட முடியாது. அந்தப் பக்கத்தை முழுசா மறுபடி வாசிக்கணும். 67 வயசுல, அந்த இதயத்தோட.

8/ மூணாவது கான்செர்ட்டோவை மகாராஜாவுக்கே சமர்ப்பணம் பண்ணாரு. 1951 நவம்பர்ல காலமானாரு. நாலஞ்சு வருஷம் தள்ளிப் போட்டிருந்தா, மெட்னர் கையில இந்த மூணு கான்செர்ட்டோவும் எப்படி ஒலிச்சதுன்னு கேட்க இந்தப் பதிவுகள் இருந்திருக்காது.

9/ “மக்கள் பணத்துல லண்டன் இசையா?”ன்னு கேட்டா, நியாயமான கேள்வி. அதே 1947ல மைசூர்ல பொறுப்பாட்சி கேட்டு மக்கள் தெருவுல இறங்கினாங்க. அதையும் சேர்த்தே படிக்கணும்.

10/ இதே உடையார்தான் 1964லிருந்து 1966 வரை நம்ம மதராஸ் மாநில ஆளுநர். கர்நாடக இசையில 94 கீர்த்தனைகள் செஞ்சவரும் அவர்தான்.

11/ என் ஓபிக்கு ஒரு பெரியவர் வருவாரு. நுரையீரல் நோய். ஒரு காலத்துல சாவு வீடுகள்ல விடிய விடிய கானா பாடினவர். மூச்சு வாங்க வாங்க ரெண்டு வரி பாடிக் காட்டுவாரு. அடுத்த தடவை ரெக்கார்ட் பண்ணிக்கலாம்னு ஒவ்வொரு தடவையும் நினைச்சேன். இப்போ அவர் இல்லை. அந்தக் குரலும் எங்கேயும் இல்லை.

12/ உங்க வீட்டுல, தெருவுல பாடுற பெரியவங்க இருந்தா இன்னைக்கே போனை எடுங்க. இதுக்கு மகாராஜா தேவையில்லை.