பந்தியில் பிறந்த துதி

நன்மை கைக்கு வந்தபின் சொல்வதே நன்றி என்று பழகிவிட்டோம். கிறிஸ்தவத் துதியின் வேர் அதைவிட ஆழமானது. ஜெர்மனியின் 'நுன் டாங்கெட் அல்லெ கோட்' (இப்போது எல்லாரும் தேவனுக்கு நன்றி சொல்லுங்கள்) என்னும் ஞானப்பாட்டைப் போல இதை எனக்கு உணர்த்தியது வேறில்லை.

இயற்றியவர் மார்ட்டின் ரிங்கார்ட் (1586–1649). சாக்சனியின் ஐலன்பர்க் நகரில் பிறந்து, 1617 முதல் சாகும்வரை அங்கேயே ஊழியம் செய்த லுத்தரன் போதகர். முப்பதாண்டுப் போர் 1618இல் மூண்டு 1648இல்தான் ஓய்ந்தது. அவருடைய ஊழிய காலம் ஏறக்குறைய முழுவதும் போர்க்காலம். மதில் சூழ்ந்த நகரமாதலால் அகதிகள் வந்து குவிந்தார்கள். 1637இல் கொள்ளைநோய் புகுந்தது. உடன் ஊழியர்களில் சிலர் மாண்டார்கள், ஒருவர் ஊரைவிட்டுப் போனார். அடக்க ஆராதனைகளின் பாரம் அவர் தலையில் விழுந்தது. அவ்வாண்டில் அவர் அடக்கம் செய்தோர் 4,000 பேருக்கு மேல் என்பர். அவருடைய மனைவியும் அவ்வாண்டில்தான் இறந்தார். பின்னாலேயே பஞ்சம் வந்தது. இருந்ததைப் பசித்தோருக்குப் பகிர்ந்தார்.

இந்தச் சாவுகளின் நடுவே பாட்டு பிறந்ததாகச் சொல்வதுண்டு. ஆனால் அது 1636ஐ ஒட்டி, உணவு வேளை ஜெபமாக எழுதப்பட்டது என்பதே ஆய்வாளர் கருத்து. எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது. பேரிழப்பு வாசலுக்கு வருமுன்பே, போர்க்காலத்து எளிய அப்பத்துக்கு அந்த வீடு நன்றி சொல்லப் பழகியிருந்தது.

முதலிரு பாக்களும் சீராக்கின் ஞானம் 50ஆம் அதிகாரத்தைத் தழுவியவை. எருசலேம் ஆலயத்தில் பிரதான ஆசாரியன் சீமோன் மக்களை ஆசீர்வதிக்கும் காட்சியை அடுத்து வரும் வசனங்களே அவற்றின் மூலம். கத்தோலிக்கருக்கு சீராக்கின் ஞானம் திருமறை நூல். லூத்தரோ அதைத் தள்ளுபடியாகமங்களில் சேர்த்தும், வாசிக்க நல்லதென்று தம் வேதாகமத்தில் வைத்திருந்தார். அப்படித்தான் ஆலயத்து ஸ்தோத்திரம் ஒரு போதகர் வீட்டுப் பந்திக்கு வந்து சேர்ந்தது.

முதற்பாவில் நெஞ்சும் வாயும் கைகளும் நன்றி செலுத்துகின்றன. பின்னர் பஞ்சத்தில் பகிரவிருந்த கைகள் அல்லவா அவை! இரண்டாம் பா மகிழ்ச்சியான உள்ளத்தையும் சமாதானத்தையும் கேட்கிறது. போர் ஓயாத தேசத்தில் சமாதானம் இருப்பதாகப் பாவனை செய்யவில்லை. நன்றியின் நடுவிலேயே குறையையும் தேவனிடம் சொல்கிறது. மூன்றாம் பாவிலோ விண்ணப்பமே இல்லை, பெற்ற நன்மைகளின் பட்டியலும் இல்லை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவியாகிய தேவன் என்றுமுள்ளவர் என்பது ஒன்றே அங்கே துதிக்குப் போதுமான காரணம்.