ஊர்ப் பணம் யாருக்கு?

ஆரணிப் பட்டை அறியாதார் யார்? மணப்பந்தலிலே மின்னுகிறது அந்தச் சேலை. அதை நெய்த கை எந்தத் தெருவில் வாழ்கிறது, அத்தெருவில் வடிகால் உண்டா, விளக்கு உண்டா என்று கேட்பவர் எத்தனை பேர்? நாம் கேட்கிறோம். ஊருக்குப் பேர் தேடித் தந்தவனின் தெருவைச் சீராக்கப் பணம் எங்கிருந்து வரும்?

வரலாறு விடை கூறும். ஆரணி, ஜாகீர் ஆண்ட ஊர். உழைத்தவன் செலுத்தினான், அரண்மனை பெற்றது, கணக்குக் கேட்கும் உரிமை எவனுக்கும் இல்லை. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன்களை ஒழித்தது. ஆனால், பெரிய மனிதர் கொடுப்பார் என்று கைகட்டிக் காத்திருக்கும் மனம் ஒழிந்ததா?

காத்திராதவர்களின் கதையும் உண்டு. 1904-இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. 1935-இல் நெசவாளர் சங்கங்களின் தலைமைச் சங்கமாகக் கோ-ஆப்டெக்ஸ் பிறந்தது. நூலுக்கும் கடனுக்கும் வணிகனை நம்பிய தனி மனிதன், சங்கத்திலே பங்குதாரன் ஆனான். 1953-இல் ஆலைத் துணிமீது கெஜத்துக்கு மூன்று தம்படி வரி விதித்து, கைத்தறிக்கும் கதருக்கும் நிதி திரட்டியது மத்திய அரசு. மூன்று தம்படி அற்பம். ஆனால் ஆலைகள் ஓடிய கெஜமெல்லாம் சேர்ந்தபோது அது நிதியாயிற்று. அதே ஆண்டில் அண்ணா கைத்தறித் துணியைத் தோளிலே சுமந்து, திருச்சித் தெருக்களிலே விற்றார். தேங்கிய துணிக்கு மக்களே சந்தை என்று காட்டிய செயல் அது!

அண்மைச் சான்றும் உண்டு. அன்று தனி நகராட்சியாக இருந்த ஆலந்தூரில், பாதாளச் சாக்கடைக்கு வீட்டுக்கு 5,000 ரூபாய், வணிக இடத்துக்கு 10,000 ரூபாய் என்று மக்களிடம் முன்பணம் பெற்றார்கள். வீதிதோறும் விளக்கினார்கள், மக்கள் நம்பினார்கள், மீதத்துக்குக் கடன் கிடைத்தது. 2002-இல், தனியே சந்தையில் கடன் பெற இயலாத 13 சிறு உள்ளாட்சிகள் தொகுப்பு நிதியத்தின் வழியே ஒன்றாகக் கடன்பத்திரம் வெளியிட்டு, ஏறத்தாழ 30 கோடி ரூபாய் திரட்டின. தனி மரம் தோப்பாகாது. சேர்ந்த மரங்கள் தோப்பாயின!

ஓர் எச்சரிக்கை. 1997-இல் தொடங்கிய 'நமக்கு நாமே' திட்டத்தில், மக்கள் ஒரு பங்கு தந்தால் மீதியை அரசு தரும். நல்ல முறைதான். ஆனால் பணம் உள்ள தெரு விரைந்து கட்டும். தறிக்குழியில் காலூன்றிய ஏழை நெசவாளன் தெரு எதைக் கட்டும்? ஆகவே பங்கு, வசதிக்கேற்ப அமைய வேண்டும். பட்டில் கொழுக்கும் கடை அதிகம் தரட்டும். கூலி பெறும் கை குறைவாகத் தரட்டும். எல்லார்க்கும் ஒரே அளவு என்பது நீதிபோல் தோன்றும் அநீதி.

இளைஞர்களே! நகராட்சியின் வரவுசெலவுத் திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். சொத்துவரி எவ்வளவு, நிலுவை எவர்மீது, எத்தெருவுக்கு எவ்வளவு செலவு என்று படித்துச் சொல்லுங்கள். கணக்குத் தெரிந்த ஊரில் கொடுக்கத் தயங்குவோர் குறைவர். கையேந்தும் ஊரைக் கணக்குக் கேட்கும் ஊராக்குவோம். அதுவே உண்மையான தன்னாட்சி!