மலையேறிய ஜீப்

கடம்பூர் மலையில் மழை பிடித்துக்கொண்டால் சர்க்கரைப்பள்ளத்திலும் குரும்பூர்ப்பள்ளத்திலும் செந்தண்ணி புரளும். முன்பெல்லாம் மாக்கம்பாளையம் பஸ் இக்கரையிலேயே நின்றுவிடும். தண்ணி கொஞ்சம் வடிந்ததும் முதலில் இறங்குவது ஜீப்தான். பெட்ரோல் வண்டியென்றால் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிடுவார்கள்; இல்லாவிட்டால் ஃபேன் தண்ணியை வாரி இக்னிஷன்மேல் அடித்து எஞ்சினை நிறுத்திவிடும். பிறகு நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்து, லோ கியரில், கிளட்சை மிதிக்காமல் ஒரே சீராக அக்கரை ஏற வேண்டும்.

உயர்ந்த பானெட் வைத்த அந்த ஜீப் இன்று போய்விட்டது. வில்லிஸ் கம்பெனி 1953-ல் சந்தைக்கு விட்ட சிஜே-3பி அது. புது எஞ்சின் உயரமாக இருந்ததால் பானெட்டையும் தூக்க வேண்டியிருந்தது. அந்த முகம் அப்படி வந்ததுதான். அமெரிக்காவில் 1968-ல் நிறுத்திவிட்டார்கள். இங்கே மஹிந்திரா அதே முகத்தோடு மேலும் பல வருசம் செய்தது. பெட்ரோல் கட்டுபடியாகாத காலத்தில் இன்டர்நேஷனல் டிராக்டரின் டீசல் எஞ்சினை உள்ளே வைத்தது. சத்தம் அதிகம், வேகம் குறைவு. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27. அங்கே வேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

எஸ்டேட் மேனேஜர், ரேஞ்சர், பி.டி.ஓ. எல்லாரும் முன்சீட்டில் போனவர்கள். எனக்கு அதன் பின்பக்கம்தான் பெரிது. ராகி மூட்டை, ஆட்டுக்குட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், "கொஞ்சம் நவுந்து உக்காருங்க" என்று ஏறிக்கொண்டே இருந்த சனம். பிரசவ வலி கண்ட பெண்ணைத் தொட்டில் கட்டித் தூக்கிவந்து, பாதை தொடங்கும் இடத்தில் இந்த ஜீப்பில் ஏற்றிச் சத்தியமங்கலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதில் பிழைத்த உயிர்களுக்குக் கணக்கு எந்த ஆபீசிலும் இல்லை.

இத்தனை காலம் அது ஓடியதற்கு நான் கோயம்புத்தூரைத்தான் காரணம் சொல்வேன். மில்லுக்கும் பம்புக்குமாக வளர்ந்த ஊர். கணபதியிலும் பீளமேட்டிலும் லேத்துக்கும் ஃபவுண்டரிக்கும் குறைவில்லை. புஷ் தேய்ந்தால் கடைந்து போட்டார்கள். ஸ்பிரிங் பட்டை முறிந்தால் புதுசு அடித்தார்கள். போர் தேய்ந்த எஞ்சினுக்கு ஸ்லீவ் இறக்கினார்கள். கம்பெனி பார்ட்ஸ் வரும்வரை காத்திருக்கத் தேவையே வரவில்லை. சாமானைக் கையில் வாங்கிப் பார்த்தே அளவு சொல்லும் மேஸ்திரிகள் இருந்தார்கள்.

2023 ஏப்ரல் 1 முதல் 15 வருசம் தாண்டிய அரசு வண்டிகளுக்குப் பதிவைப் புதுப்பிப்பதில்லை. ஆபீஸ் வாசலில் நின்ற கடைசி ஜீப்புகளும் அதோடு கழிந்தன. அந்தப் புகையைச் சுவாசித்தவன் என்ற முறையில் விதியைக் குறை சொல்ல மாட்டேன். 2010-ல் வந்த மஹிந்திரா தார் அந்த ஜீப்பின் வாரிசுதான், நல்ல வண்டி. ஆனால் ஏலத்தில் பழைய வண்டி எடுத்து, உள்ளூர்ப் பட்டறையிலேயே தேற்றி, மலைக்குச் சனம் ஏற்றிப் பிழைத்த டிரைவருக்குத் தாரின் விலை எட்டாது. பட்டறைகளில் இன்று ஸ்கேனரைச் செருகித்தான் கோளாறு பார்க்கிறார்கள். பட்டை அடித்த மேஸ்திரிகளின் பிள்ளைகள் பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.