பந்தியில் பரிமாறலாமா? சொரியாசிஸ், ஒரு மெட்ராஸ் டாக்டர், ஒரு மில்லிமீட்டர் புழு: ஒரு இழை

1. போன மாசம் ரிஷிவந்தியம் பக்கத்து கிராமத்துல இருந்து ஒரு அம்மா ஓ.பி.க்கு வந்தாங்க. காய்ச்சல், உடம்பு வலி. பி.பி. பாக்க கையை நீட்டச் சொன்னேன். சேலைத் தலைப்பால முழங்கையை மூடிக்கிட்டே நீட்டினாங்க. விலக்கிப் பார்த்தா வெள்ளிச் செதில் படிஞ்ச சிவந்த படை. சொரியாசிஸ். எட்டு வருஷமா இருக்காம்.

2. காய்ச்சலுக்கு மாத்திரை எழுதி முடிச்சும் எழுந்திருக்கல. மெதுவா கேட்டாங்க: "சார், தை மாசம் எம்பொண்ணுக்குக் கல்யாணம். பந்தியில நான் பரிமாறலாமா?" வீட்டுல அவங்களுக்குத் தட்டு, டம்ளர் எல்லாம் தனி. யாரும் சொல்லலையாம், அவங்களே பிரிச்சு வச்சுக்கிட்டாங்களாம்.

3. "தாராளமா பரிமாறுங்கம்மா, இது தொத்து வியாதி இல்ல"ன்னேன். "தொத்தலைன்னா அப்ப எங்க இருந்து சார் வந்துச்சு?"ன்னு திருப்பிக் கேட்டாங்க. நியாயமான கேள்வி. ஆனா வெளியே நீளமான வரிசை. ரெண்டு நிமிஷத்துல சொல்ல முடியல. அந்தப் பதில்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

4. முதல்ல இந்தப் பயத்தோட வேர். ஐரோப்பாவுல பல நூற்றாண்டுகளா சொரியாசிஸையும் தொழுநோயையும் பிரிச்சுப் பார்க்கவே இல்ல. செதில் உதிர்ந்தா அது 'லெப்ரா'. அந்தக் கிரேக்கச் சொல்லே செதிலைக் குறிக்கிற வார்த்தையில இருந்து வந்ததுதான். அதனால சொரியாசிஸ் இருந்தவங்களையும் தொழுநோயாளிகளோட சேர்த்து ஊருக்கு வெளியே ஒதுக்கினாங்க.

5. 1808-ல லண்டன் மருத்துவர் ராபர்ட் வில்லன் இந்த நோயைத் தெளிவா விவரிச்சார். ஆனா அவரே 'லெப்ரா'ங்கிற சொல்லை விடல. அதனால குழப்பமும் விடல. 1841-ல வியன்னாவுல ஃபெர்டினாண்ட் ஃபான் ஹெப்ரா அந்தப் பெயரைக் கழற்றிவிட்டு, ரெண்டும் வேற வேற நோய்னு நிலைநாட்டினார். தொழுநோய்க் கிருமியை ஹான்சன் கண்டுபிடிச்சது அதுக்கும் அப்புறம், 1873-ல.

6. நம்ம நாட்டுல தோல்ல தெரியற நோய் சட்ட விவகாரமாவே இருந்துச்சு. 1898-ல வந்த தொழுநோயாளிகள் சட்டம், ஏழை நோயாளிகளைப் பிடிச்சு அடைச்சு வைக்க அனுமதிச்சது. நீக்கினது 2016-ல. தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமா காட்டலாம்ங்கிற விதியை எடுத்தது 2019-ல. அப்படி இருக்க, உடம்புல படை வந்த ஒரு அம்மா தட்டைத் தனியா வச்சுக்கிட்டதுல என்ன ஆச்சரியம்?

7. வித்தியாசம் என்னன்னா: தொழுநோய்த் தேமல்ல பெரும்பாலும் உணர்ச்சி குறையும். சொரியாசிஸ் படையில உணர்ச்சி இருக்கும், சுரண்டினா வெள்ளையா செதில் உதிரும். சந்தேகம்னா டாக்டர்கிட்ட காட்டிடுங்க. தொழுநோயே வந்தாலும் ஒதுக்க வேண்டியதில்ல. மருந்து இலவசம், முழுசா குணமாகும், சிகிச்சை தொடங்கினா பரவாது.

8. சித்த மருத்துவத்துல 'காளாஞ்சகப்படை'ன்னு சொல்றதை சொரியாசிஸோட பொருத்திப் பார்ப்பாங்க. வெட்பாலை இலைத் தைலம் அதுக்குத்தான் பிரபலம். ஆக இது புதுசா வந்த 'ஃபாஸ்ட் ஃபுட் வியாதி' இல்ல. நம்ம பாட்டன் பூட்டன் காலத்துலயும் இருந்ததுதான்.

9. சரி, தோல்ல என்னதான் நடக்குது? மேல்தோல்ல ஒரு செல் அடியில பிறந்து, மேல வந்து, உதிர சுமார் நாலு வாரம் ஆகும். சொரியாசிஸ் படையில அதே பயணம் மூணு முதல் அஞ்சு நாள்ல முடிஞ்சிடும். வேகாத இட்லியை அவசரமா எடுத்த கதை. பக்குவம் வராத செல்கள் அடுக்கடுக்கா மேல சேரும். அதுதான் அந்தச் செதில்.

10. கரும்பு வெட்டறவங்க கவனிச்சிருப்பீங்க. தோகை கீறின அதே கோட்டுல புதுசா படை வரும். 1872-லயே ஹைன்ரிச் கோப்னர்ங்கிற ஜெர்மன் டாக்டர் இதைச் சொல்லிட்டார். பார்க்கிறவங்களுக்கு 'பரவுது'ன்னு தோணும். பரவுறது இல்ல, உள்ள தயாரா இருந்த கோளாறை அந்தக் கீறல் எழுப்பி விடுது.

11. அந்த வேகத்துக்கு ஒரு கடிவாளம் கிடைச்சது ஒரு மெட்ராஸ் மாணவர் புண்ணியத்துல. எல்லாப்ரகட சுப்பாராவ். 1895-ல பீமவரத்துல பிறந்தவர், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில படிச்சவர். காந்தி அழைப்பை ஏத்துக் கதர் உடுத்தினது அறுவை சிகிச்சைப் பேராசிரியருக்குப் பிடிக்கல. எம்.பி.பி.எஸ். பட்டம் வரல, அதைவிடக் கீழான எல்.எம்.எஸ்.தான் கிடைச்சது. நான் வெறும் எம்.பி.பி.எஸ்.தான்னு அலுத்துக்கிற நாள்ல இவரைத்தான் நினைச்சுப்பேன்.

12. அமெரிக்கா போனார். ஹார்வர்டுல நிரந்தர வேலை கிடைக்கல. 1940-ல லெடர்லே மருந்துக் கம்பெனி ஆய்வகத்துக்குப் போனார். அங்க அவர் குழு ஃபோலிக் ஆசிட்டைச் செயற்கையா தயாரிச்சது. அப்புறம் அதுக்கு நேர் எதிரா வேலை செய்யற அமினோப்டெரின், மெத்தோட்ரெக்சேட் ரெண்டையும் தயாரிச்சது. 1948-ல சிட்னி ஃபார்பர் அமினோப்டெரினைக் குழந்தைகளோட ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்துப் பலன் கண்டார். அதே வருஷம் ஆகஸ்ட்ல சுப்பாராவ் இறந்துட்டார். வயசு 53.

13. 1951-ல ரிச்சர்ட் கப்னர்ங்கிற டாக்டர் அதே அமினோப்டெரினை மூட்டுவாதத்துக்குக் கொடுத்தப்போ, எதிர்பாராம சொரியாசிஸ் படையும் குறையறதைக் கவனிச்சார். அப்புறம் அந்த இடத்துக்கு மெத்தோட்ரெக்சேட் வந்துச்சு. இன்னிக்கு ஒரு சொரியாசிஸ் நோயாளி கையில மெத்தோட்ரெக்சேட்டும் ஃபோலிக் ஆசிட்டும் சேர்ந்து இருந்தா, ரெண்டு மாத்திரைக்குப் பின்னாடியும் இருக்கிறது ஒரே மனுஷன்.

14. மருந்து வந்தாச்சு. காரணம் வரல. இது தோல் செல்லோட கோளாறுன்னு ஒரு கட்சி. 1979-ல எதிர்ப்பு சக்தியை அடக்குற சைக்ளோஸ்போரின் கொடுத்தா படை மறையுதுன்னு தெரிஞ்சதும், இல்ல இல்ல, இது எதிர்ப்பு சக்தியோட கோளாறுன்னு இன்னொரு கட்சி. தோலா, ரத்தமா? இந்தப் பஞ்சாயத்து பல வருஷம் ஓடுச்சு.

15. அதுல ஒரு முக்கிய சாட்சி, சம்பந்தமே இல்லாத இடத்துல இருந்து வந்துச்சு. ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு. விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன்னு ரெண்டு பேர் அந்தப் புழு சரியா வளராம போற காரணத்தைத் தேடினாங்க. 1993-ல கண்டது, வெறும் 22 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு ஆர்.என்.ஏ. அது எந்தப் புரதத்தையும் செய்யல. இன்னொரு ஜீனோட வேலையை நிறுத்துது.

16. புரியலையா? கல்யாண வீட்டுச் சமையல்கட்டுக்கு வாங்க. மொத்தப் பட்டியல் பெரியவர் பெட்டியில இருக்கு. அது டி.என்.ஏ. அதுல இருந்து 'வடை 500'ன்னு துண்டுச் சீட்டு சமையல்காரருக்குப் போகுது. அது தூது ஆர்.என்.ஏ. நடுவுல ஒரு பொடியன் நின்னு, 'வடை போதும்'னு சில சீட்டைக் கிழிச்சுப் போடறான். அந்தப் பொடியன்தான் மைக்ரோ ஆர்.என்.ஏ.

17. புழுவுக்கு மட்டுமான விசித்திரம்னு அன்னிக்கு பெருசா யாரும் கண்டுக்கல. 2000-ல ருவ்குன் குழு இன்னொரு பொடியனைப் பிடிச்சாங்க. அவன் மனுஷன் உட்பட ஏகப்பட்ட உயிர்கள்ல இருந்தான். அப்புறம்தான் உலகம் திரும்பிப் பார்த்துச்சு. ரெண்டு பேருக்கும் நோபல் பரிசு 2024-ல. கண்டுபிடிச்சு 31 வருஷம் கழிச்சு.

18. 2007. ஸ்வீடன் கரோலின்ஸ்கா நிறுவனத்துல எனிகோ சோன்கோலி குழுவினர் சொரியாசிஸ் தோலையும், சாதாரணத் தோலையும், எக்ஸிமா தோலையும் ஒப்பிட்டாங்க. சொரியாசிஸ்ல மட்டும் மைக்ரோ ஆர்.என்.ஏ-203 தூக்கலா இருந்துச்சு. அது முக்கியமா மேல்தோல் செல்லுல இருக்கிறது. அது கிழிக்கிற சீட்டு எது தெரியுமா? எஸ்.ஓ.சி.எஸ்-3ன்னு ஒரு புரதத்தோடது. அழற்சி சிக்னல் உள்ள வந்தா 'போதும் நிறுத்து'ன்னு போடற பிரேக்.

19. அதாவது தோல் செல்லே தன் பிரேக்கைக் கழட்டுது. எதிர்ப்பு சக்தி கூவினா தோல் அடங்க மாட்டேங்குது, தோல் பதிலுக்குக் கூவினா எதிர்ப்பு சக்தி இன்னும் கிளம்புது. பழைய பஞ்சாயத்துல ரெண்டு கட்சி சொன்னதும் பாதி பாதி சரி. ரெண்டும் பேசிக்கிற வழியில ஒரு கோளாறு, அதுல இந்தப் பொடியன்களுக்கும் பங்கு இருக்கு.

20. அப்புறம் ஒவ்வொருத்தனா சிக்கினாங்க. 21-ஆம் நம்பர் படையில அதிகம். 2014-ல, மனுஷ சொரியாசிஸ் தோலை எலி மேல ஒட்டி, 21-ஐத் தடுத்தப்போ படை குறைஞ்சது. 146ஏ நல்ல பையன், அழற்சியை அடக்கறவன். 2017-ல வந்த ஆய்வுல, அவன் இல்லாத எலிகளுக்கு சொரியாசிஸ் மாதிரியான அழற்சி சீக்கிரமாவும் கடுமையாவும் வந்துச்சு.

21. நம்ம ஜனங்களை வச்சும் ஆய்வு நடக்குது. புதுச்சேரி ஜிப்மர்ல, தென்னிந்தியத் தமிழ் நோயாளிகள்ல யாருக்கு மெத்தோட்ரெக்சேட் நல்லா வேலை செய்யும்னு ஜீன்களை வச்சுக் கணிக்க முடியுமான்னு பார்த்து 2017-ல வெளியிட்டாங்க. மெட்ராஸ்ல படிச்சவர் குழு செஞ்ச மருந்து, நம்ம ஊர்க்காரங்க ஜீனோட எப்படிப் பொருந்துதுன்னு கேட்கிற கேள்வி அது.

22. இனி உஷாரா இருக்க வேண்டியது. மைக்ரோ ஆர்.என்.ஏ. வச்சு சொரியாசிஸுக்கு அங்கீகரிச்ச மருந்து இன்னிக்கு தேதிக்கு எதுவும் இல்ல. 'ஜீன் டெஸ்ட் எடுத்து வேரோட அழிக்கிறோம்'னு யாராவது பணம் கேட்டா எழுந்து வந்துடுங்க. கட்டுப்பாட்டுல வைக்க நல்ல மருந்துகள் இருக்கு. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில தோல் டாக்டரைப் பாருங்க.

23. மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள். தினமும் போட்டா உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமைன்னு காலண்டர்ல வட்டம் போட்டு வைங்க. கர்ப்பிணிகளும், குழந்தைக்குத் திட்டமிடற ஆணோ பெண்ணோ டாக்டர்கிட்ட சொல்லாம தொடவே கூடாது. 'ஒரே ஊசியில போயிடும்'னு போடற ஸ்டீராய்டு ஊசி வேண்டாம். அதை நிறுத்தினதும் உடம்பு முழுக்க சிவந்து, சீழ்க் கொப்புளம் கிளம்பி, ஐ.சி.யூ. வரைக்கும் போகலாம்.

24. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கும் ஒண்ணு. அம்மாவுக்கு இருந்தா பொண்ணுக்கு வர வாய்ப்பு மத்தவங்களைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். கட்டாயம் வரும்னு இல்ல. சர்க்கரை, பிரஷர் இருக்கிற வீட்டுல பொண்ணு எடுக்கிறோம்தானே?

25. அந்த அம்மா கேட்ட 'எங்க இருந்து வந்துச்சு'க்கு என் பதில்: யாரையும் தொட்டு வரல, நீங்க தொட்டும் போகாது. உங்க தோலுக்குள்ள போற வர்ற சீட்டுல நடக்கிற குளறுபடிம்மா இது. அடுத்த வாரம் திரும்ப வரச் சொல்லியிருக்கேன், பொண்ணையும் கூட்டிட்டு. இதையே ரெண்டு பேருக்கும் உட்கார வச்சு சொல்லணும். உங்க வீட்டுலயும் யாராவது தட்டைத் தனியா வச்சிருந்தா, இதைப் படிச்சுக் காட்டுங்க. சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க, ஓ.பி. முடிஞ்சதும் பதில் சொல்றேன்.