நண்டு நடை நடக்க மறுத்தவர்

மாணவர்களோடு உட்கார்ந்து பேசும்போது எங்களிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்று உண்டு: இந்து மதம் இல்லாத நாட்டில் தீண்டாமை இருக்குமா? இருந்தது, இன்னும் முழுதாகப் போகவில்லை என்று சொல்லி ஜப்பானை எடுத்துக்காட்டுவோம். அங்கே மனுஸ்மிருதி கிடையாது. ஒடுக்கியவருக்கும் ஒடுக்கப்பட்டவருக்கும் ஒரே மொழி, ஒரே முகச்சாயல். பிறகு எதை வைத்து ஒதுக்கினார்கள்?

1603 முதல் 1868 வரை ஜப்பானை ஆண்டது தொகுகவா பரம்பரை. பேரரசர் கியோட்டோவில் பெயருக்கு இருந்தார். உண்மையான அதிகாரம் எடோ நகரில் (இன்றைய டோக்கியோ) இருந்த ஷோகன் என்ற படைத்தலைவரின் கையில். அவருக்குக் கீழே சுமார் 260 குறுநிலத் தலைவர்கள், அவர்களிடம் சம்பளம் வாங்கிய சாமுராய்கள். இரண்டு வாள் செருகிக்கொள்ளும் உரிமை சாமுராய்க்கு மட்டும். உழவர், கைவினைஞர், வணிகர் எல்லாம் அவர்களுக்குக் கீழே.

இந்த வரிசைக்கும் வெளியே இரண்டு கூட்டத்தார் வைக்கப்பட்டனர். ஒருவர் 'எத்தா'. அந்தச் சொல்லை எழுதும் எழுத்துகளுக்கே 'மிகுந்த அழுக்கு' என்று பொருள். மற்றவர் 'ஹினின்', அதாவது மனிதர் அல்லாதவர். செத்த மாடு, குதிரையை அப்புறப்படுத்துவது, தோல் பதனிடுவது, கொலைக்களத்தில் வேலை செய்வது இவர்கள் தலையில் விழுந்தது. சாவும் இரத்தமும் தீட்டு என்ற எண்ணம் ஷிந்தோவிலும் பௌத்தத்திலும் ஏற்கெனவே இருந்தது. பௌத்தம் போன இடமெல்லாம் சமத்துவமும் கூடவே போய்விடவில்லை என்பதை நாம் கொஞ்சம் கசப்போடுதான் ஏற்க வேண்டியிருக்கிறது. ஆனால் தீட்டு என்ற எண்ணத்தைப் பரம்பரைப் பிறப்போடு சேர்த்து ஆணியடித்தது அரசு. எங்கே குடியிருக்கலாம், என்ன தொழில் செய்யலாம், யாரை மணக்கலாம் என்பதையெல்லாம் பதிவேடும் ஆணையும் தீர்மானித்தன.

அந்த அரசு இவர்களை ஒதுக்கியதோடு நிற்காமல் பயன்படுத்தவும் செய்தது. எடோவின் அசகுசா பகுதியில் டன்சாயெமோன் என்ற பட்டத்தோடு ஒரு தலைவர் பரம்பரையாக இருந்தார். கிழக்கு ஜப்பானின் எத்தா மக்கள் அவருடைய ஆட்சிக்குள் அடக்கம். அவருக்குத் தனி அலுவலகம், விசாரணை மன்றம், சிறைகூட உண்டு. போருக்கு வேண்டிய தோல் அவர் வழியாகத்தான் அரசுக்குப் போய்ச் சேர்ந்தது. அடித்தட்டை ஆள அடித்தட்டிலிருந்தே ஒரு குட்டி அரசரை உண்டாக்கும் இந்த ஏற்பாட்டை நீங்கள் வேறு எங்காவது பார்த்த நினைவு வரலாம்.

1868இல் மெய்ஜி ஆட்சி வந்தது. 1871இல் 'எத்தா', 'ஹினின்' என்ற பெயர்கள் ஒழிக்கப்பட்டன, இனி இவர்களும் பொதுமக்களே என்று ஆணை பிறந்தது. ஆனால் செத்த கால்நடையின் மீது இவர்களுக்கு இருந்த தனியுரிமையும் அதே ஆண்டில் பறிபோனது. இழிவு அப்படியே நிற்க, அதோடு ஒட்டியிருந்த பிழைப்பு மட்டும் போனது. நிலமோ ஈட்டுத்தொகையோ தரப்படவில்லை. 1872இல் புதிய குடும்பப் பதிவேடு எழுதப்பட்டபோது பல இடங்களில் அதிகாரிகள் இவர்களைப் 'புதிய பொதுமக்கள்' என்று குறித்துவைத்தார்கள். அந்தப் 'புதிய' என்ற ஒரு சொல் போதும், யார் எவர் என்று தெரிந்துவிடும்.

ஊர்க்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 1873இல் மிமசாகா பகுதியில் கட்டாய இராணுவ சேவைக்கு எதிராகக் கிளம்பிய உழவர் கலகம் எத்தா குடியிருப்புகள் மீது திரும்பியது. முன்புபோலவே பணிந்து நடப்போம் என்று மன்னிப்புக் கடிதம் எழுதிக் கேட்டார்கள். மறுத்தவர்களின் வீடுகள் எரிந்தன, 18 பேர் கொல்லப்பட்டார்கள். வரி கட்டி நொந்த ஏழை உழவன், ஆணை போட்ட அரசை விட்டுவிட்டு, தனக்குச் சமமாக்கப்பட்டவனை வெட்டினான்.

நாம் பொதுவாகக் கவனிக்காத ஒரு செய்தியும் இதில் இருக்கிறது. கீழ்த்தட்டைக் காகிதத்தில் கலைத்த அதே அரசு, மேல்தட்டைப் புதிதாகக் கட்டியது. 1884இல் ஐரோப்பாவைப் பார்த்து ஐந்து படிநிலைகள் கொண்ட பிரபு வகுப்பு சட்டப்படி அமைக்கப்பட்டது. 1890இல் அவர்களுக்கென்றே நாடாளுமன்றத்தில் ஓர் அவை திறந்தது. பேரரசரோ தெய்வமாக்கப்பட்டார்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் சுய்ஹெய்ஷா இயக்கத்தார். 1922 மார்ச் 3 அன்று கியோட்டோவில் கூடி, பிறர் இரக்கத்தில் வரும் சீர்திருத்தம் வேண்டாம், எங்கள் விடுதலையை நாங்களே பெறுவோம் என்று அறிவித்தார்கள். 'சுய்ஹெய்' என்றால் கிடைமட்டம், கொத்தனார் ரசமட்டம் வைத்துப் பார்க்கிறாரே, அந்த மட்டம். கறுப்புக் கொடியில் சிவப்பு முள்முடி அவர்கள் சின்னம்.

அவர்களுடைய தலைவர் மட்சுமோட்டோ ஜீய்ச்சிரோ 1947இல் புதிய மேலவையின் துணைத்தலைவரானார். பிரபு வகுப்பை ஒழித்த புதிய அரசமைப்பும் அதே ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. 1948 ஜனவரியில் நாடாளுமன்றத் திறப்பு விழா. பேரரசர் முன் செல்பவர்கள் அவருக்கு முதுகு காட்டாதபடி நண்டுபோலப் பக்கவாட்டில் நகர வேண்டும் என்பது மரபு. மட்சுமோட்டோ மறுத்துவிட்டார். பிறப்பால் ஒருவரை வணங்கத்தக்கவராக வைத்திருக்கும்வரை, பிறப்பால் ஒருவரை இழிந்தவராக வைப்பதும் தொடரும் என்பதே அவருடைய வாதம். அடுத்த ஆண்டே அவர் பொதுப்பதவிகளிலிருந்து விலக்கப்பட்டார்.

இதற்குப் பிறகும் பதிவேடு சாகவில்லை. 1872ஆம் ஆண்டுப் பதிவேட்டை யாரும் பார்க்கக்கூடாது என்று பூட்டிவைக்க 1968 ஆனது. ஆளின் பெயர் கிடைக்காவிட்டால் ஊர்ப்பெயர் போதும் என்று கண்டுபிடித்தவர்களும் இருந்தார்கள். 1975இல் புராக்கு மக்களின் குடியிருப்புகளை ஊர்வாரியாக அச்சிட்டு ரகசியமாக விற்ற நூல் ஒன்று அம்பலமானது. வேலைக்கு விண்ணப்பிப்பவரின் முகவரியை ஒப்பிட்டுப் பார்க்க 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதுபோன்ற பட்டியல்களை வாங்கியிருந்தன. திருமணத்துக்கு முன் துப்பறிவாளரை அமர்த்தி விசாரித்த குடும்பங்களும் உண்டு. நம் ஊரில் "எந்தத் தெரு?" என்று கேட்பார்களே, அதையே அங்கே அச்சடித்து விலைபோட்டு விற்றார்கள்.

2016இல் இன்னொரு பதிப்பகம் 1936ஆம் ஆண்டு ஆய்வொன்றின் ஊர்ப்பட்டியலை மறுபடி வெளியிடக் கிளம்பியது. புராக்கு விடுதலைக் கழகமும் இருநூறுக்கும் மேற்பட்ட மக்களும் வழக்குத் தொடுத்தார்கள். 2023இல் டோக்கியோ உயர் நீதிமன்றம், பாகுபாட்டுக்கு ஆளாகாமல் வாழும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று சொல்லி அந்தப் பட்டியலைத் தடுத்தது. எத்தா என்ற பெயரை ஒழித்த ஆணைக்கும் இந்தத் தீர்ப்புக்கும் இடையே 152 ஆண்டுகள்.