வேலம்பாசி போன தூரம்

நம் வயதுக்காரர்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் பார்த்த சோதனை ஒன்று உண்டு. கண்ணாடி முகவை நிறையத் தண்ணீர், அதற்குள் ஒரு கைப்பிடி வேலம்பாசி. அதன் மேல் புனலைக் கவிழ்த்து, புனலின் காம்பில் தண்ணீர் நிரப்பிய சோதனைக் குழாயைச் செருகி, அப்படியே வெயிலில் கொண்டு வைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் பாசியிலிருந்து முத்து முத்தாகக் குமிழி கிளம்பும். குழாயில் சேர்ந்த காற்றில் அணைந்தும் அணையாத தீக்குச்சியைக் காட்டினால் பக்கென்று பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜன் என்று எழுதி, பெட்டிக்குள் படம் வரைந்து, பத்து மதிப்பெண் வாங்கியிருப்போம். பாடப் புத்தகத்தில் அந்தப் பாசிக்கு ஹைட்ரில்லா என்று பெயர்.

சோதனைக்குப் பாசி வேண்டும் என்றால் பையன்களைத்தான் குளத்துக்கு அனுப்புவார்கள். காசு கொடுத்து வாங்கும் பொருளாக யாரும் அதை நினைத்ததில்லை. இப்போது தென்காசியில் வண்ணமீன் கடைக்குப் போனால், கட்டு கட்டாக ரப்பர் வளையம் போட்டு நீர்ச்செடி விற்கிறார்கள். பேரன், பேத்திக்காக மீன் தொட்டி வாங்கிய நண்பர்கள் இரண்டு மூன்று பேர் என்னிடம், "பிளாஸ்டிக் செடி வைக்கவா, நிஜச் செடி வைக்கவா?" என்று கேட்டார்கள். நிஜச் செடிதான் என்பது என் கட்சி. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. அதில் நம் வேலம்பாசிக்கும் ஒரு பங்கு உண்டு, அவ்வளவு பெருமையான பங்கு அல்ல.

கண்ணாடித் தொட்டிக்குள் செடி வைக்கும் யோசனை இங்கிலாந்தில் பிறந்தது. அதற்கு முன்பும் மீன் வளர்த்தார்கள். ஆனால் தண்ணீரை ஓயாமல் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். 1771இல் ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுவத்தி எரிந்து கெட்டுப்போன காற்றைப் புதினாச் செடி சரிசெய்கிறது என்று கண்டார். 1779இல் யான் இங்கன்ஹவுஸ், அதற்கு வெயில் வேண்டும், பச்சை இலை வேண்டும் என்று காட்டினார். தண்ணீருக்குள் இலையைப் போட்டுக் குமிழி வருவதைப் பார்த்தவர் அவர்தான். நம் பள்ளிச் சோதனையின் பாட்டனார் என்று சொல்லலாம்.

இதைத் தொட்டிக்குக் கொண்டு வந்தவர் ராபர்ட் வாரிங்டன் என்ற லண்டன் ரசாயன நிபுணர். ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் மணலும் சேறும் கல்லும் போட்டு, இரண்டு தங்கமீனும் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியும் விட்டார். தண்ணீரை மாற்றவே இல்லை. மீன் விடும் மூச்சைச் செடி எடுத்துக்கொள்ளும், செடி விடும் காற்றை மீன் எடுத்துக்கொள்ளும் என்பது கணக்கு. கணக்கு சரியாகவே இருந்தது. ஆனால் பழைய இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. அப்போது அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது: குளத்து நத்தைகள் சிலவற்றைப் பிடித்து உள்ளே விட்டார். அவை அழுகலைத் தின்றன, தண்ணீர் தெளிந்தது. நத்தை முட்டைகள் மீனுக்கும் இரையாயின. 1850இல் இதைக் கட்டுரையாகவே வெளியிட்டார். 1853இல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன்களுக்கென்று ஒரு கூடம் திறந்தார்கள். அடுத்த ஆண்டு பிலிப் காஸ் எழுதிய புத்தகத்தின் தலைப்பாலேயே 'அக்வேரியம்' என்ற சொல் வீட்டுக்கு வீடு பரவியது. நம் சென்னை மெரினாவில் மீன் காட்சியகம் வந்தது 1909இல், எட்கர் தர்ஸ்டன் முயற்சியால்.

வாலிஸ்னேரியா என்றதும் பயப்பட வேண்டாம். நீளமாக, நாடா போல, ஓடும் தண்ணீரில் சாய்ந்து ஆடிக்கொண்டிருக்குமே, அந்த இனம்தான். நம் பக்கத்து ஆறு வாய்க்கால்களிலும் உண்டு. அதன் கல்யாணம் வேடிக்கையானது. ஆண் பூ அடியிலேயே அறுபட்டு, தானாக மேலே மிதந்து வரும். பெண் பூ நீண்ட சுருள் காம்பில் ஏறி வந்து மேலே காத்திருக்கும். காரியம் முடிந்ததும் காம்பு மறுபடி சுருண்டு, காயை அடித் தண்ணீருக்கு இழுத்துக்கொள்ளும்.

செடிகள் கடல் தாண்டுவது நம்மூருக்குப் புதிதல்ல. குற்றாலத்தில் கம்பெனி காலத்திலேயே ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டுப் பார்த்தார்கள். கீழைத்தீவுகளின் சரக்கு இங்கே வந்து அருவிச் சாரலில் வேர் பிடித்தது. அந்தக் காலத்தில் கப்பலில் செடி கொண்டுபோனால் உப்புக் காற்றில் பாதிக்கு மேல் கருகிவிடும். நத்தானியல் வார்ட் என்ற லண்டன் டாக்டர், மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் செடி தன் ஈரத்திலேயே மாதக்கணக்கில் பிழைக்கும் என்று கண்டுபிடித்த பிறகு நிலைமை மாறியது. 1833இல் பெரணிச் செடிகள் அப்படிப் பெட்டிக்குள் சிட்னி போய்ச் சேர்ந்தன. சீனத் தேயிலை இமயமலைக்கு வந்ததும் இந்தப் பெட்டியில்தான். மீன் தொட்டியும் அந்தப் பெட்டிக்கு ஒரு வகையில் தம்பி முறை.

இப்போது வேலம்பாசிக்கு வருகிறேன். அதற்கு ஹைட்ரில்லா வெர்ட்டிசில்லேட்டா என்ற இன்றைய பெயர் 1839இல் ஜான் ஃபோர்ப்ஸ் ராயிலால் கிடைத்தது. அவர் கான்பூரில் பிறந்து, சகாரன்பூர் தோட்டத்தைக் கவனித்தவர். அதற்கப்புறம் நூறு வருஷம் அது பாட்டுக்கு நம் குளங்களில் கிடந்தது. 1950களின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து ஒரு கட்டு வேலம்பாசி அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்து டாம்பா நகருக்குப் போனது. மீன் தொட்டிச் செடியாகத்தான். 'இண்டியன் ஸ்டார் வைன்' என்று அதற்கு வியாபாரப் பெயர். இலங்கையிலிருந்து போனாலும் பெயர் என்னவோ இந்தியாதான்! வாங்கிய வியாபாரிக்குச் சரக்கு பிடிக்கவில்லை. பக்கத்துக் கால்வாயில் கொட்டிவிட்டார். சில மாதம் கழித்துப் பார்த்தால் அது அங்கே கொழுகொழுவென்று வளர்ந்து கிடந்தது. அட, இது விற்கும் போலிருக்கிறதே என்று எடுத்து வளர்க்க ஆரம்பித்தார்கள்.

1960இல் மயாமி பக்கத்துக் கால்வாயிலும், மாநிலத்தின் மறுகரையில் கிரிஸ்டல் ஆற்றிலும் அது பரவியிருப்பது தெரிந்தது. அதன் பிறகு ஏரி ஏரியாகப் போனது. வேலம்பாசி ஒரு நாளைக்கு ஓர் அங்குலம் வரை நீளும். மற்றச் செடிகள் சோர்ந்துபோகும் மங்கல் வெளிச்சம் அதற்குப் போதும். மேலே வந்ததும் கிளை விட்டுப் பாய் விரித்ததுபோல் மூடிவிடும், கீழே இருப்பதற்கு வெயில் கிடையாது. படகின் விசிறியில் ஒரு துணுக்கு சுற்றிக்கொண்டு அடுத்த ஏரிக்குப் போனால் போதும், அந்தத் துணுக்கே செடி. சேற்றுக்குள் சிறு கிழங்கு வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் காத்திருக்கவும் தெரியும். நம் குளம் வற்றும்போது பாசி கருகினாலும் மழைக்குப் பிறகு திரும்ப வருகிறதே, அந்தச் சூட்சுமம்தான்.

இதில் ஒரு விசித்திரம். ஃப்ளோரிடாவில் பரவியது முழுக்கப் பெண் செடி. விதையே கிடையாது. முதலில் போன சில தண்டுகளின் ஒடிந்த துண்டுகள்தான் ஒரு மாநிலத்தையே நிறைத்தன. 1990களில் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது, அது பெங்களூரிலிருந்து எடுத்த மாதிரியோடு நெருங்கி வந்தது. ஆக வியாபாரப் பெயர் அவ்வளவு பொய்யில்லை.

அதை அழிக்க அவர்கள் பட்ட பாடு தனிக் கதை. மருந்து அடித்தார்கள். 2000ஆம் ஆண்டு வாக்கில் அந்த மருந்துக்கும் அசையாத பாசி கிளம்பியது. புல்கெண்டை மீனை விட்டார்கள், அதுவும் பெருகிவிடக் கூடாதென்று மலட்டு மீனாகப் பார்த்து விட்டார்கள். 1987இல் இந்தியாவிலிருந்தே, வேலம்பாசி இலையைக் குடைந்து தின்னும் ஒரு சிறு ஈயைக் கொண்டுபோய் விட்டார்கள். செடி போன வழியிலேயே அதன் எதிரியும் பின்னால் போயிற்று. ஈ பிழைத்துக்கொண்டது, பாசியை ஒழிக்கவில்லை. இன்றும் ஆண்டுக்குப் பல லட்சம் டாலர் செலவாகிறது.

நாம் சிரிக்க முடியாது. நம் பக்கம் வந்த விருந்தாளி ஆகாயத்தாமரை. திருநெல்வேலிப் பக்கம் அமலை என்பார்கள். தென் அமெரிக்கச் செடி, ஊதாப் பூவின் அழகுக்காக 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்துக்கு வந்து, அங்கிருந்து நாடெல்லாம் போனது. இன்று தாமிரபரணியில் அதை அள்ளுவதே ஒரு வேலை. 2020 நவம்பரில் கேரளத்தில் கோழிக்கோடு மாவட்டம் ஆவளப்பாண்டியில் ஒரு தோடு முழுக்க இளஞ்சிவப்புப் பூ பூத்து, ஜனம் கூட்டம் கூட்டமாகப் போய்ப் படம் எடுத்தது ஞாபகம் இருக்கலாம். அது கபோம்பா என்ற அமெரிக்கச் செடி, மீன் தொட்டிச் சரக்கு. பூவைப் பறித்துப் போனவர்கள் தண்டையும் சேர்த்து எடுத்துப் போய் வேறு தண்ணீரில் விட்டுவிடுவார்களோ என்று தாவரம் தெரிந்தவர்கள் கவலைப்பட்டார்கள். இந்தக் கபோம்பா நம் கடைகளிலும் கட்டுக் கட்டாகக் கிடைக்கிறது. பார்க்க லட்சணமாக, பெருஞ்சீரகச் செடி போல இருக்கும்.

நம்மூர் அமைப்பில் இது இன்னும் ஆபத்து. சிற்றாறு குற்றாலத்தில் இறங்கித் தென்காசி வழியாக ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியில் சேர்கிறது. வழியெல்லாம் அணைக்கட்டு, கால், குளம். ஒரு குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால் தண்ணீர் அடுத்த குளத்துக்கு. நம் தெருச் சாக்கடையும் கடைசியில் ஏதோ ஒரு குளத்தில்தான் முடிகிறது. மேலே ஒருவர் கவிழ்க்கும் ஒரு வாளித் தண்ணீர் கீழே எத்தனை குளம் போகும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

சரி, தொட்டியில் செடி வைக்க நினைப்பவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஆடம்பரச் சாமான் எதுவும் வேண்டாம். நன்றாகக் கழுவிய பருமணல் இரண்டு மூன்று அங்குலம். குழாய்த் தண்ணீரைக் குளோரின் வாடை போக ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றுங்கள். முதலில் செடி, பிறகுதான் மீன். இரண்டு மூன்று வாரம் வெறும் செடி மட்டும் கிடக்கட்டும், பிள்ளைகள் அவசரப்படுத்துவார்கள், கேட்காதீர்கள். விளக்கு ஏழெட்டு மணி நேரம் போதும். ஜன்னல் வெயில் நேரே விழுந்தால் கண்ணாடியெல்லாம் பச்சை படிந்துவிடும்.

செடிக்கு நம்மூர்ச் சரக்கே உத்தமம். வேலம்பாசி, வாலிஸ்னேரியா இரண்டும் யார் வைத்தாலும் பிழைக்கும். வல்லாரைக்குச் சிலர் மாற்றாகச் சொல்லும் நீர்ப்பிரமி தண்ணீருக்குள்ளும் வளரும், கடையில் அதையே பகோபா என்று விலை சொல்வார்கள். மூதுரையில் ஆம்பலோடும் நெய்தலோடும் சேர்த்து ஔவையார் சொன்ன கொட்டியும் தொட்டிக்கு ஏற்றதுதான், அதன் இனத்தை வெளிநாட்டார் ஆசையாக வளர்க்கிறார்கள். குளத்திலிருந்து எடுத்தால் தனி வாளியில் சில நாள் போட்டு, அலசி அலசி வையுங்கள். தும்பியின் புழு ஒட்டிக்கொண்டு வந்தால் சின்ன மீன்களை ஒவ்வொன்றாகத் தின்றுவிடும். ஒன்றிரண்டு நத்தை வந்தால் வரட்டும், வாரிங்டனுக்கே அதுதான் உதவியது.

வேலம்பாசி வைத்தால் பத்து நாளுக்கு ஒருமுறை கத்தரிக்க வேண்டியிருக்கும். கத்தரித்ததைச் சாக்கடையிலோ வாய்க்காலிலோ போடாதீர்கள், கடைச் செடியாக இருந்தால் கண்டிப்பாகக் கூடாது. மொட்டைமாடியில் பழைய சாக்கை விரித்து நாலைந்து நாள் நல்ல வெயிலில் போட்டால் மொறுமொறுவென்று சருகாகிவிடும். சாரல் காலத்தில் வெயிலுக்குக் காத்திருக்க வேண்டும், அதுவரை ஒரு வாளியில் மூடி வைக்கலாம். எங்கள் வீட்டில் அந்தச் சருகு கனகாம்பரத் தொட்டிகளுக்குப் போகிறது.